அந்தி மலர்களும் புஷ்ப கைங்கர்யமும்

கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன், பக்தியோடு தருகிறவனிடமிருந்து தான் ஏற்பனவாக இலை, பூ, பழம், நீர் என்று நான்கினைக் கூறியருளினான். ஏழைக்கும் எட்டும் எளிய பொருள்கள் இவை என்று பெரியோர் விளக்கம் அருள்வர். அஃது உண்மையே. ஆயினும் இந்நான்கினுள் பூவுக்கு மட்டும் ஓர் அருமை உண்டு. துளஸீதளம் முதல் நாள் பறித்ததாயினும் பழையது ஆகிவிடுவதில்லை என்பது சாஸ்திரம். பழம் நான்கு நாள் பொறுத்திருக்கும். தீர்த்தம் கிணற்றில் எப்பொழுதும் உண்டு. பூவோ தனக்கென்று ஒரு வேளையை வகுத்துக்கொண்டு அவ்வேளையில் மட்டுமே பூவாக இருக்கிறது. அதற்கு முன் அரும்பு, அதற்குப் பின் சருகு. ஆகவே புஷ்ப கைங்கர்யத்தில் விருப்பமுடையோர் பூக்களின் பெயரைக் கற்பதற்கு முன்பே அவற்றின் வேளையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விடியலில் மலரும் தாமரையையும் செம்பருத்தியையும் எல்லோரும் அறிவர். அந்தியில் வாய் திறந்து இரவெல்லாம் மணந்து நிற்கும் பூக்கள் வேறொரு கூட்டம். மல்லிகை, முல்லை, ஜாதி, இருவாட்சி, பவழமல்லி, நிலசம்பங்கி முதலானவை அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. ஸாயங்காலத் திருவாராதனத்துக்கும், இரவு வாகனப் புறப்பாட்டுக்கும், பள்ளியறைச் சேவைக்கும் இவையே முறையாக உரியவை. இவற்றை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் வகையும், வளர்த்ததைப் பெருமாளுக்கு ஆக்கும் வகையும் இங்கே சொல்லப்படுகின்றன.

இவ்விஷயத்தில் தமிழர்களுக்குத் தனியொரு பாத்தியதை உண்டு. தொல்காப்பியம் நிலங்களைப் பிரித்துச் சொல்லுமிடத்து, காடு சார்ந்த முல்லை நிலத்துக்கு மாயோனைத் தெய்வமாக வைத்தது. அந்நிலத்துக்குரிய சிறுபொழுதாக மாலையை வைத்தது. நிலத்துக்குப் பெயர் தந்த பூ முல்லை. அது மலரும் வேளை மாலை. அவ்வேளையில் கன்று காலிகளோடு ஊர் திரும்புகிறவர்கள் ஆயர். அவ்வாயர் குலத்தில் வந்து வளர்ந்தவன் மாயோன். பூவும் பொழுதும் பெருமானும் இவ்வாறு ஓரிடத்தில் கூடியிருப்பது வேறெந்த நிலத்துக்கும் வாய்க்காத பேறு. ‘மாலை’ என்ற ஒரு சொல்லே பொழுதையும் குறிக்கிறது, தொடுத்த பூவையும் குறிக்கிறது. திருமாலைச் சொல்லும்போதும் ‘மாலை’ என்றே வருகிறது. இச்சொல்நயத்தைப் புலவர்கள் விடுவதில்லை. அடியார்களும் விட வேண்டியதில்லை.

பெரியாழ்வார் தம் திருமொழியில், ஆநிரை மேய்க்கப் போகும் பிள்ளையைப் பூச்சூட வரும்படி யசோதையின் நிலையில் நின்று அழைக்கும் பதிகம் ஒன்று உண்டு. பாட்டுக்கொரு பூவாகச் செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று அங்கே வரிசை செல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்ணைக் கொத்தி, நீர் இறைத்து, கொடிக்குப் பந்தல் கட்டியவருடைய கை பாடிய பாட்டு அது என்பதைப் படிக்கும்போதே உணரலாம். அவருடைய நந்தவனத்தில் துளஸிச் செடியின் அடியில் கிடைத்த பெண்மகவே ஆண்டாள் என்பது யாவரும் அறிந்தது. இன்றும் அவ்வூர்த் தாயார் களைந்த மாலை, சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும், பிரம்மோத்ஸவத்தில் திருமலையப்பனுக்கும் சென்று சேருகிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பூந்தொடையலும் கூடையுமாகவே வாழ்ந்தார்.

அந்தி மலர்களைப் பேசுமிடத்து அனந்தாழ்வானை நினையாமல் அப்பால் செல்ல இயலாது. திருவரங்கத்தில் திருவாய்மொழிக் காலக்ஷேபம் நிகழுங்கால், திருமலையில் தங்கிப் புஷ்ப கைங்கர்யம் செய்வார் உண்டோ என்று எம்பெருமானார் வினவ, குளிரும் காடுமாயிருந்த மலைக்குப் போக மற்றவர்கள் தயங்க, எழுந்து நின்றவர் அனந்தாழ்வான். திருமலையில் தோட்டம் போட்டார். அதற்கு நீர் வேண்டி ஏரியும் வெட்டினார். அவர் கையாண்ட கடப்பாரையைத் திருமலைக் கோயிலின் மஹாத்வாரத்தில் இன்றும் காணலாம். மண் சுமந்த கதை பலருக்கும் தெரியும். தோட்டத்தில் நிகழ்ந்த மற்றொரு கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. பகலில் பேணிய பூக்கள் இரவில் எவராலோ பறிக்கப்பட்டுச் சிதறிக் கிடக்கக் கண்டு, ஓர் இரவு அவர் மறைந்திருந்து பார்த்தாராம். ராஜகுமாரனும் ராஜகுமாரியும் போன்ற இருவர் வந்து பூக்களிடையே விளையாடினர். பிடிக்க ஓடியபோது ஆண்மகன் அப்பிரதக்ஷிணமாக ஓடி மறைந்தான். அகப்பட்ட பெண்ணைப் பூமரத்தில் கட்டிவைத்தார். விடிந்து சந்நிதி திறந்தால், திருமார்பில் நாச்சியார் இல்லை! பின்னர் உண்மை உணர்ந்து, பூக்குடலையில் தாயாரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு கோயிலுக்கு வந்தார் என்பர். இதை நினைவூட்டவே, திருமலை பிரம்மோத்ஸவம் முடிந்த மறுநாள் ‘பாக் ஸவாரி’ என்ற பெயரில் மலையப்ப ஸ்வாமி அத்தோட்டத்துக்கு அப்பிரதக்ஷிணமாக எழுந்தருளுகிறார். பூ மலர்ந்து மணக்கும் இரவில் பகவான் தானே தோட்டத்துக்கு வந்தான் என்பதே இக்கதையின் ரஸம்.

இனி, இன்றுள்ள நிலை. பெரிய க்ஷேத்திரங்களைத் தவிர்த்துப் பார்த்தால், ‘நந்தவனம்’ என்பது பல ஊர்களில் பதிவேட்டில் மட்டும் நிற்கும் சொல்லாகிவிட்டது. மதிலோரம் முள்ளும் கல்லும் கிடக்கின்றன. மாலைத் திருவாராதனத்துக்கு வேண்டிய சரம் டவுன் பூக்கடையிலிருந்து பேருந்தில் வருகிறது. பேருந்து தவறினால் அன்று மாலை பெருமாளுக்குத் துளஸி மட்டுமே. துளஸி போதும் என்பதில் ஐயமில்லை. அவன் அதற்கே உகப்பவன். ஆனால் அது போதும் என்று சொல்லிக்கொண்டே ஓர் ஊரில் இருக்கும் நூறு வீடுகளும் ஒரு முல்லைக் கொடியை வைக்காமல் இருப்பது வேறு விஷயம். கடைப்பூ எங்கே விளைந்தது, எந்த மருந்து தெளிக்கப்பட்டது, எவர் முகர்ந்தார் என்று கேட்க வழியில்லை. அது நைலான் நூலில் கட்டப்பட்டு, ஜிகினாச் சரிகை சுற்றி, பிளாஸ்டிக் பையில் வியர்த்து வந்து சேருகிறது. அர்ச்சக ஸ்வாமி அதைப் பிரித்து, நூலை அறுத்து, பெருமாள் திருமேனியில் உறுத்தாமல் சாற்றுவதற்குள் படும் பாடு, கடையில் காசு கொடுத்தவருக்குத் தெரியாது.

வீட்டில் அந்தி மலர்களை வளர்ப்போர்க்கு முதலில் எழும் சங்கடம் வளர்ப்பதில் இல்லை, பறிப்பதில் இருக்கிறது. அஸ்தமனத்துக்குப் பின் செடியைத் தொட்டுப் பூப் பறிக்கலாகாது என்பது பெரியோர் ஆசாரம். மொட்டுக்களால் அர்ச்சிக்கலாகாது, செண்பகத்துக்கும் தாமரைக்கும் மட்டுமே அதில் விலக்கு என்பது மற்றொரு விதி. மல்லிகையோ விளக்கேற்றும் வேளைக்குப் பின்பே இதழ் விரிக்கிறது. அஸ்தமனத்துக்கு முன் பறித்தால் மொட்டு. பின் பறித்தால் ஆசாரப் பிழை. அப்படியானால் மல்லிகை பெருமாளுக்கு ஆவது எங்ஙனம்?

விடை, நம் பாட்டிமார்களின் கையில் இருக்கிறது. பூவின் பருவங்களுக்குத் தமிழ் அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று எத்தனையோ பெயர்களை வைத்திருக்கிறது. இவற்றுள் ‘போது’ என்பது இன்று மலரப் போகிற பூ. அச்சொல்லுக்கே பொழுது என்ற பொருளும் உண்டு. பறிக்க வேண்டுவது அரும்பையும் அன்று, மலரையும் அன்று. போதினையே பறிக்க வேண்டும். பார்த்துப் பழகினால் ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். நாளை மலரும் மொட்டில் பச்சைச் சாயல் சிறிது நிற்கும்; அளவும் சிறியதாயிருக்கும். இன்று மலரும் போது முழுவதும் பால் வெண்மையாகி, காம்பு நீண்டு, நுனி பருத்துத் திரண்டிருக்கும். ஜாதியில் இதழ்ப்புறத்துச் செம்மை படர்ந்திருப்பது இயற்கை. அதைக் கண்டு முதிராதது என்று விட்டுவிடலாகாது. பகலிலேயே, நீராடித் தூய்மையுடன், இவ்வகைப் போதுகளை மட்டும் தேர்ந்து பறித்து, நனைத்த வாழையிலையில் பொதிந்து நிழலில் வைத்து, வாழைநாரில் தொடுத்துவிட்டால், ஸாயங்கால தீபாராதனை முடிந்து இரவு ஏறும்போது அவை தாமாகவே திருமார்பில் மலரும். சாற்றும் பொழுது போதாக இருந்தது, சேவையாகும் பொழுது மலராகிவிடுகிறது. செடியில் மலர்ந்து காற்றில் போகவிருந்த முதல் மணம் முழுவதும் அவனுக்கே சேருகிறது. விதி இரண்டும் பிழைத்தன, பூவும் பயன்பெற்றது. விதியை வகுத்தவர்கள் பூவை அறியாமல் வகுக்கவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

காலைத் திருவாராதனத்துக்கும் இப்பூக்கள் உதவும். முதல் நாள் பறித்து வீட்டில் வைத்த பூ பழம்பூ, அது கூடாது. ஆனால் இரவு முழுதும் செடியிலேயே மலர்ந்திருந்து விடியலில் பறிக்கப்பட்ட பூ பழம்பூவாகாது. ஜாதியை அவ்வாறு விடியலில் பறிப்பது மிகவும் ஏற்றது. வெயில் ஏறினால் வாடிவிடும்.

இப்பூக்கள் இரவை நாடுவது ஏன் என்று சிறுவர்கள் கேட்பார்கள். வண்டும் தேனீயும் பகலில் உழைப்பவை. இரவில் பறப்பவை அந்துப்பூச்சிகள். அவற்றை அழைக்கச் சிவப்பும் நீலமும் இருளில் பயன்படா. ஆகையால் இப்பூக்களிற் பெரும்பாலானவை வெண்மை பூண்டு, வண்ணத்தால் ஆகாததை மணத்தால் செய்துகொள்கின்றன. பகலில் மணத்தை வீணாக்காமல் அடக்கி வைத்து இரவில் விடுவது செடிக்குள் அமைந்த ஒரு நாழிகைக் கணக்கு.

வளர்ப்பு முறைக்கு வருவோம். குண்டுமல்லிகையே முதலில் வைக்கத்தக்கது. இதன் அடுக்குப் பூக்கள் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. பதியனாலும் போத்தாலுமே பெருகுகிறது. பழகிய வீட்டுச் செடியிலிருந்து ஒரு கிளையை வளைத்து, நடுவில் சிறிது கீறி மண்ணில் புதைத்துக் கல் வைத்தால், மூன்று நான்கு மாதங்களில் வேர் பிடித்துவிடும். விலைக்கு வாங்குவோர்க்கு ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்து நாற்று பெயர் பெற்றது. ஓரடி நீள அகல ஆழமுள்ள குழி எடுத்து, தொழுவுரமும் செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, ஆனி முதல் கார்த்திகைக்குள் நட வேண்டும். செடிக்குச் செடி 4 அடி இடைவெளி வேண்டும். நாள் முழுவதும் வெயில் வேண்டும். இதில் சலுகை இல்லை. மாமர நிழலில் வைத்த மல்லிகை இலையாகத் தழைத்துக் கண்ணுக்குக் குளிர்ச்சி தருமேயன்றிப் பெருமாளுக்குப் பூத் தராது. நீர் தேங்கினால் வேர் அழுகும். களர் மண்ணில் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலை மேல் தெளிக்கச் சரியாகும்.

மல்லிகையைக் கவாத்து செய்ய மனம் வராமல் கெடுத்துக்கொள்பவர்கள் அநேகர். ‘பெருமாளுக்குப் பூத் தரும் செடியை வெட்டலாமா?’ என்பது அவர்கள் எண்ணம். பூப்பது புதுக்கிளையில் மட்டுமே. பழங்கிளை எத்தனை அடர்ந்தாலும் வீண். கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், சில நாள் நீரை நிறுத்திப் பின் தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு மேலுள்ளதை வெட்டிவிட வேண்டும். செடி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய எருவை அடியில் இட்டு நீர் விட்டால், மாசி பங்குனியில் துளிர்க்குத் துளிர் மொட்டு வைக்கும். பங்குனி உத்திரத்துக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வஸந்தோத்ஸவத்துக்கும் மல்லிகை பெருகுவதன் ரகசியம், முந்திய கார்த்திகையின் கத்தியில் இருக்கிறது. திருவரங்கத்தில் கோடைத் திருநாளாகிய பூச்சாற்று உத்ஸவம் இப்பருவத்தில் அமைந்திருப்பதும் நோக்கத்தக்கது. மொட்டுக்களில் துளையும் புழுவும் கண்டால் அவற்றைப் பறித்துப் புதைத்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தல் போதும். கடும் மருந்தைத் தெளித்துவிட்டு அப்பூவைத் திருமேனியில் சாற்ற எவருக்கும் துணிவு வரலாகாது.

முல்லைக்குக் கொழுகொம்பு வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பாரி வள்ளல் தேரையே தந்தான், நாம் நான்கு மூங்கிலையாவது தரலாம். வடமொழியில் இதனை யூதிகை என்பர். இதற்குக் கவாத்துக் காலம் தை நடு, ஜனவரி கடைசி வாரம். ஒன்றரை அடி உயரம் விடலாம். மாலதி என்று வடநூல்கள் போற்றும் ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம். ஜாதிக்கு அமரகோசம் ‘ஸுமநா’ என்ற பெயரையும் சொல்கிறது. அதே கோசம் பொதுவில் பூவுக்குச் சொல்லும் பெயர்களில் முதலாவதும் ‘ஸுமநஸ்’. நல்ல மனம் என்பது பொருள். கவாத்துக் காலங்கள் இவ்வாறு முன்பின்னாக இருப்பதால், மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிட்டுத் தோட்டத்தை மொட்டையாக்காமல், முறை வைத்துச் செய்தால் ஒன்று ஓய்ந்த காலத்தில் மற்றொன்று உதவும். இருவாட்சிக்கு மல்லிகைக்குச் சொன்னதே முறை.

மார்கழிதான் சோதனை. திருப்பாவை ஸேவிக்கும் மாதத்தில் குண்டுமல்லிகை ஓய்ந்துவிடுகிறது. கடையில் விலை கைக்கெட்டாது. அப்பொழுது கைகொடுப்பது நிலசம்பங்கி. பெயரைக் கண்டு இதனைச் சம்பகத்தின் இனம் என்று மயங்கலாகாது. மரத்தில் பூக்கும் செண்பகம் வேறு, வேலியில் படரும் கொடிசம்பங்கி வேறு, கிழங்கிலிருந்து தண்டு விட்டு நிற்கும் இது வேறு. ஆனி ஆடியில் 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தேர்ந்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும் கிழங்குக்குக் கிழங்கு முக்கால் அடியும் விட்டு, ஓரங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் தண்டு வரத் தொடங்கும். ஒரு முறை நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். அடுக்குப் பூ அலங்காரத்துக்கு. மணத்துக்கு ஒற்றைப் பூவே உயர்ந்தது.

இங்கே ஒரு தர்க்கம் எழுவதுண்டு. நிலசம்பங்கியின் பிறப்பிடம் மெக்ஸிகோ தேசம். 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தின் கரையோரத் தீவுகளில் இறங்குவதற்கு முன் அங்குள்ள செடி எதுவும் இந்நாட்டுத் தோட்டத்துக்கு வந்திருக்க வழியில்லை. ஆகவே வைகானஸ, பாஞ்சராத்ர ஆகமங்கள் புஷ்பங்களை வகைப்படுத்தும் இடங்களில் இதற்கு விதியும் இல்லை, விலக்கும் இல்லை. பல திவ்யதேசத்து மடைப்பள்ளிகளில் மிளகாயை ஏற்காமல் இன்றும் மிளகையே ஆளுகிறார்கள். மிளகாயும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். மடைப்பள்ளியில் புகாதது பூமண்டபத்தில் மட்டும் புகலாமோ என்று கேட்போர் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் பூக்களைப் பற்றிய விலக்குகளைக் கூர்ந்து நோக்கினால், துர்க்கந்தம், புழு அரித்தல், முகர்ந்தது, தரையில் விழுந்தது, அசுத்த இடத்தில் முளைத்தது என்று பூவின் தன்மையையும் தூய்மையையும் பற்றியே பெரும்பாலும் அமைந்துள்ளன. எருக்கும் ஊமத்தையும் போலப் பெயர் சொல்லி விஷ்ணுவுக்கு விலக்கப்பட்டவை சில. வெண்மையும் நறுமணமும் உடைய நிலசம்பங்கி இவ்விலக்குகளில் ஒன்றிலும் அகப்படவில்லை. பெரியோர்கள் அதை ஏற்றுத் தலைமுறைகள் பல கடந்துவிட்டன. இன்று அது இல்லாத மாலை அரிது. எந்த ஸந்நிதியில் பழைய வழக்கப்படி அதை ஏற்பதில்லையோ, அங்கே அவ்வழக்கமே பிரமாணம். மற்ற இடங்களில் தயக்கம் வேண்டுவதில்லை. துலுக்கச் சாமந்தியும் கடல் கடந்து வந்ததே. பெயரே அதைச் சொல்லுகிறது.

இவ்வாறு அந்நிய நாட்டிலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் கதவு திறந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. இரவுராணி என்ற செடியை இக்காலத்தில் வாசலில் வைக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் பக்கத்தது. ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது, காய் நஞ்சு. குழந்தைகளும் கன்றுகளும் உலவும் இடத்துக்கு ஆகாது. மணமும் அளவு கடந்தது. சிலருக்குத் தலைவலி தரும். ஆராதனத்துக்கு இதனை விட்டுவிடுதலே நலம். ‘பிரம்மகமலம்’ என்று தொட்டியில் வளர்த்து, நள்ளிரவில் மலரும்போது அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கற்பூரம் காட்டும் பூவும் மெக்ஸிகோப் பக்கத்துக் கள்ளியினமே. ஹிமாலயத்தில் பிரம்மகமலம் என வழங்குவது முற்றிலும் வேறு. மலரும் காட்சி மிகவும் அழகியது. கற்பூரம் காட்டுவோரின் பக்தியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பெயர் மட்டும் பொருந்தவில்லை. அந்திமந்தாரை தானே முளைத்துத் தானே பெருகும். வேலியோரம் இருந்துவிட்டுப் போகட்டும். நந்தியாவட்டையில் அடுக்கை விட ஒற்றைக்கே இரவில் மணம். மரமல்லி உயர்ந்த மரம், காற்றில் கிளை ஒடியும்; கோயில் வெளியில் வைக்கலாம், கூரையருகில் கூடாது. தாழைக்கு வாய்க்கால் கரை வேண்டும், முள்ளும் உண்டு.

மணமுள்ள செடி வைத்தால் பாம்பு வரும் என்று அஞ்சிப் பவழமல்லியையும் முல்லையையும் ஒதுக்குவோர் உளர். பாம்பு பூ மணத்தைத் தேடி வருவதில்லை. பூவைத் தேடிப் பூச்சி வருகிறது. பூச்சியைத் தேடித் தவளையும் பல்லியும் வருகின்றன. அவற்றைத் தேடிப் பாம்பு வரக்கூடும். அடிப்பகுதியில் சருகும் செங்கல்லும் குவியாமல், தரையிலிருந்து ஓரடிக்குக் கிளை இல்லாமல் கழித்து, பெருக்கிச் சுத்தமாக வைத்தால் அச்சத்துக்கு இடமில்லை. நந்தவனத்தைப் பெருக்குவதும் கைங்கர்யமே.

தரையில் வீழ்ந்த பூவை ஸமர்ப்பிக்கலாகாது என்ற விதிக்கு, பவழமல்லிக்கும் மகிழம்பூவுக்கும் பெரியோர் விலக்கு அளித்துள்ளனர். மகிழம்பூ உதிர்ந்து உலர்ந்த பின்னும் மணம் விடாதது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற திருநாமமே அதனால் வந்தது. அது மெதுவாக வளரும் பெருமரம். வீட்டுக்கு ஏற்றது பவழமல்லியே. விதையாலும் போத்தாலும் முளைக்கும். எந்த மண்ணிலும் வரும். நீர் தேங்காமல் இருந்தால் போதும். மழைக் காலத்துக்குப் பின், புரட்டாசி முதல் கார்த்திகை வரை நிறையப் பூக்கும்.

இதனையே பாரிஜாதம் என்று வழங்குகிறோம். கண்ணன் நரகனை வென்று மீளும் வழியில் ஸத்யபாமையின் பொருட்டு இந்திரலோகத்திலிருந்து கொணர்ந்த மரம் பாரிஜாதம் என்று விஷ்ணு புராணம் விரிக்கிறது. அமரகோசமோ பாரிஜாதத்தை ஐந்து தேவதருக்களுள் ஒன்றாக ஓரிடத்தில் வைக்கிறது. பூலோகத்து மரங்களைச் சொல்லுமிடத்தில், கல்யாண முருங்கையாகிய பாரிபத்ரத்தின் பெயர்களுள் ஒன்றாகப் பாரிஜாதகத்தைச் சொல்கிறது. சிவந்த பூவுடைய அம்மரம் வேறு, இது வேறு. ஆகவே முற்றத்துப் பவழமல்லிதான் ஸத்யபாமை முற்றத்து மரம் என்று கோசத்தைக் கொண்டு நிறுவ முடியாது. வழக்கு நிறுவியிருக்கிறது. இந்திரனுடைய மரம் எத்தகையதாயினும், பெண்டிர் தலைமுறை தலைமுறையாகப் பாரிஜாதம் என்று சொல்லியே இப்பூவைக் கண்ணனுக்கு இட்டு வந்துள்ளனர். அவன் மறுத்ததாகக் கேள்வி இல்லை.

இப்பூவைக் கொள்ளும் முறை எளியது, ஆனால் தப்பக்கூடாதது. மரத்தை உலுக்கிப் பறிப்பது முறையன்று. முதல் நாள் மாலையில் மரத்தடியைப் பெருக்கி, கோமயத்தால் மெழுகி, உலர்ந்த பின் வெளுத்த வெள்ளை வேஷ்டி ஒன்றை விரித்து, காற்றில் பறவாதபடி நான்கு முனையிலும் கல் வைக்க வேண்டும். அவ்வேஷ்டியை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது. விளக்கு வைத்ததும் மலரத் தொடங்கும், இரவெல்லாம் மணக்கும், கிழக்கு வெளுக்கும்போது ஒவ்வொன்றாகக் காம்பு மேலாகச் சுழன்று இறங்கும். வெயில் படும் முன் குனிந்து, இரண்டு விரலால் பவழக்காம்பைப் பற்றி எடுத்துப் பூக்குடலையில் இட வேண்டும். குவித்து அள்ளினால் இதழ் நசுங்கும். மூக்கின் அருகே கொண்டு போகலாகாது. விச்வரூப ஸேவைக்கு மணி அடிப்பதற்குள் குடலை ஸந்நிதி வாசலில் இருக்க வேண்டும்.